விளையாடத் தெரிந்தவர் பூத்தில் நிற்கட்டும்

"பெண்கள் மட்டும். உயரம் 165 செ.மீ.க்கு மேல். மூன்று நாள் கேமிங் நிகழ்ச்சி. முழு உருவப் படம் ஒன்று, முகம் தெரியும் படம் ஒன்று அனுப்பவும்." சிங்கப்பூரில் பகுதிநேர வேலை தேடும் இளையர்களின் டெலிகிராம் குழுக்களில் இந்த மாதிரி அறிவிப்புகள் வரும். உயரம் கேட்பார்கள், உடை அளவு கேட்பார்கள், காலணி அளவுகூடக் கேட்பார்கள். கேம் விளையாடுவீர்களா, எதில் விளையாடுவீர்கள் என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் இருக்காது. ஆனால் வேலைக்குப் போய் நின்றால், காலையிலிருந்து இரவு வரை வருகிற அத்தனை பேரும் கேட்கப்போவது கேமைப் பற்றித்தான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேம் கண்காட்சியில் பூத் என்ற விளம்பர அரங்கில் நின்று கேமை அறிமுகப்படுத்துபவரை ப்ரோமோட்டர் என்பார்கள். விவரம் தெரிந்த ப்ரோமோட்டர் அமைவது அதிர்ஷ்டம் இல்லை. நிகழ்ச்சிக்கு முன்னால் அவரை எத்தனை மணிநேரம் அந்த கேமோடு உட்காரவைத்தோம், அந்த மணிநேரத்துக்குச் சம்பளம் கொடுத்தோமா என்பதுதான் அதைத் தீர்மானிக்கிறது. இந்தச் செலவைச் செய்ய மனமில்லாத நிறுவனம் விளக்குக்கும் பெரிய திரைக்கும் எத்தனை ஆயிரம் வெள்ளி கொட்டினாலும், கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்காமல் மக்கள் அடுத்த பூத்துக்கு நகர்ந்துகொண்டேதான் இருப்பார்கள்.

இந்த ஊருக்கு ப்ரோமோட்டர் வேலை புதிதல்ல. ஐடி ஷோ, பிசி ஷோ, காமெக்ஸ், சைடெக்ஸ் என்று மின்னணுப் பொருள் கண்காட்சிகள் வரிசையாக நடந்து, நடக்க இடமில்லாமல் கூட்டம் நெரிந்த காலம் உண்டு. தேசிய சேவைக்குக் காத்திருக்கும் பையன்கள், பலதுறைத் தொழிற்கல்லூரி விடுமுறையில் இருக்கும் பிள்ளைகள் எனப் பலரும் முதல் சம்பளத்தை அங்கேதான் வாங்கினார்கள். துண்டுப் பிரசுரம் நீட்ட வேண்டும், இன்றைய சலுகையைக் கூவிச் சொல்ல வேண்டும், வாங்க வந்தவரைக் கல்லாவரை கூட்டிப்போக வேண்டும். விலை குறைந்திருந்தால் பொருள் தானாகவே விற்றுவிடும். அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் விவரம் தெரிந்திருந்தால் ப்ரோமோட்டருக்குப் போதும்.

கேம் கண்காட்சியில் அது போதாது. 2014 முதல் 2019 வரை இங்கே கேம்ஸ்டார்ட் என்ற கேம் கண்காட்சி நடந்தது. ஜெர்மனியின் கொலோன் நகரில் நடக்கும் கேம்ஸ்காம், தன் ஆசியப் பதிப்பை 2023இலும் 2024இலும் இங்குள்ள சன்டெக் மாநாட்டு மையத்தில் நடத்தியது. 2025இல் அது பாங்காக்குக்குப் போய்விட்டது. டோட்டா 2 என்ற கேமின் உலகப் போட்டியான தி இன்டர்நேஷனல் 2022 அக்டோபரில் சிங்கப்பூருக்கு வந்தது. 2023 ஜூனில் ஒலிம்பிக் மின்விளையாட்டு வாரம் சன்டெக்கில் நடந்தது. இப்படிப்பட்ட இடங்களுக்கு வருபவர் பெட்டியை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவதற்காக வருவதில்லை. ஒரு கேமுக்காகத் தன் நேரத்தில் நாற்பது மணியோ நானூறு மணியோ கொடுக்கலாமா என்று பார்க்க வருகிறார். பூத்தில் அவருக்குக் கிடைப்பது பதினைந்து நிமிட டெமோ. கேமை உருவாக்கியவர்களில் ஓரிருவர் வந்திருந்தாலும் அவர்களைப் பத்திரிகையாளர்கள் பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பதினைந்து நிமிடமும் பக்கத்தில் நிற்கப்போகிறவர் ப்ரோமோட்டர் மட்டும்தான்.

ஒரு டெமோ மேசைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் இது நன்றாகவே புரியும். நாற்பதைத் தாண்டிய ஒருவர் மகனோடு வருகிறார். "நீங்க ஆடுங்கப்பா" என்று மகன் தள்ளிவிட, கன்ட்ரோலரைக் கையில் வாங்குகிறார். இடது குச்சி நடப்பதற்கு, வலது குச்சி பார்ப்பதற்கு. புதியவருக்கு இரண்டையும் ஒரே நேரத்தில் அசைப்பது லேசான காரியமில்லை. திரையில் இருக்கும் வீரன் சுவரில் முட்டிக்கொண்டே நடக்கிறான், கேமரா வானத்தைப் பார்க்கிறது. பழக்கமில்லாத ப்ரோமோட்டர் இந்த இடத்தில் சிரித்துக்கொண்டே சும்மா நிற்பார். இல்லாவிட்டால், "கொடுங்க அங்கிள்" என்று கன்ட்ரோலரை வாங்கி, தானே அந்தக் கட்டத்தைத் தாண்டித் திருப்பிக் கொடுப்பார். இரண்டாவதுதான் ரொம்ப மோசம். இது நமக்கு ஒத்துவராது என்ற எண்ணம் வந்தவரின் மனதில் அப்போதே விழுந்துவிடும்.

விஷயம் தெரிந்தவர் கன்ட்ரோலரைத் தொடவே மாட்டார். "அங்கிள், வலது கட்டைவிரலைக் கொஞ்சம் எடுத்துடுங்க. இடதை மட்டும் முன்னால தள்ளுங்க. ஆங், அப்படித்தான். இப்போ வலதை லேசா, ரொம்ப லேசா..." என்று வாயாலேயே அவரை நடத்திக் கூட்டிப்போவார். மேலே தள்ளினால் பார்வை கீழே போக வேண்டும் என்று சிலர் கைக்குப் பழகியிருக்கும்; பழைய விமான விளையாட்டுகளில் ஊறியவர்கள் அவர்கள். அவர்கள் தடுமாறுவதைப் பார்த்ததுமே அமைப்புகளுக்குள் போய் அச்சைத் திருப்பிவிட இவருக்குச் சில வினாடி போதும். அடுத்தவர் உட்காருவதற்கு முன்னால் அதைப் பழையபடி மாற்றிவைக்கவும் மறக்க மாட்டார். இதையெல்லாம் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்து வரவழைக்க முடியாது. விளையாடி விளையாடித்தான் வரும்.

விஆர் என்ற மெய்நிகர்க் கண்ணாடி வைத்திருக்கும் பூத் என்றால் பொறுப்பு இன்னும் கூடுகிறது. பின்னலில் மல்லிகைச் சரம் வைத்து, மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு அம்மா ஆசையாக முன்னால் வந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவியை முதலில் முகத்தில் பொருத்தி, மூக்குக்கண்ணாடி உள்ளே சரியாக அடங்கியதா என்று பார்த்து, அப்புறம்தான் பட்டையைப் பின்னால் இழுக்க வேண்டும். பின்னாலிருந்து மாட்டினால் கண்ணாடிச் சட்டம் மூக்கில் அழுத்தும், பூவும் நசுங்கும். இரண்டு வில்லைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அவருடைய கண்களுக்கு ஏற்ப நகர்த்தாவிட்டால் படம் மங்கலாகத்தான் தெரியும். படமே அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவர் சொல்லாமல் இருந்துவிடுவார். தலை சுற்றுகிறதா என்று நடுவில் ஒருமுறை கேட்க வேண்டும். மின்னி மின்னி மறையும் ஒளியால் வலிப்பு வரும் தொந்தரவு உண்டா என்று ஆரம்பத்திலேயே கேட்டுவிட வேண்டும். ஒருவர் கழற்றியதும் துடைத்துவிட்டுத்தான் அடுத்தவருக்கு மாட்ட வேண்டும். அழகான உடை போட்டவரைக் கொண்டுவந்து நிறுத்தி, இவற்றில் ஒன்றையும் சொல்லிக்கொடுக்காமல் விட்டால், அவருக்கும் ஆபத்து, வருகிறவருக்கும் ஆபத்து.

கேள்விகள் எப்படி வரும் என்பதையும் சொல்ல வேண்டும். தீவிரமாக விளையாடும் இளையர் வேறு மாதிரி கேட்பார்: பிசியில் ஆடுபவரும் கன்சோலில் ஆடுபவரும் சேர்ந்து ஆட முடியுமா, என் மடிக்கணினியில் இருக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கு இது ஓடுமா, சர்வர் சிங்கப்பூரில் இருக்கிறதா, ஹாங்காங்கிலா. சர்வர் தூரத்தில் இருந்தால் பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் அது நடப்பதற்கும் நடுவே தாமதம் விழும். சண்டை விளையாட்டுக்காரருக்கு அதுதான் எல்லாமே. ஆனால் பிள்ளையோடு வரும் ஒரு அம்மாவின் கேள்வி வேறு. "இது இலவசம்னு சொல்றான், அப்புறம் ஏம்மா மாசா மாசம் கார்டுல காசு போகுது?" இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல ஒரு ப்ரோமோட்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் ரொம்பவே எதிர்பார்க்கிறேன். கேமை இறக்குவதற்குக் காசு இல்லை, உள்ளே ஆயுதமோ உடையோ வாங்கினால் காசு, என்ன கிடைக்கும் என்று தெரியாமலே குலுக்கலில் பணம் போடும் வசதியும் சில கேம்களில் இருக்கிறது, ஃபோனிலும் கன்சோலிலும் பெற்றோர் வரம்பு வைத்துக்கொள்ளலாம் என்று நாலு வரியில் சொல்லிவிடலாம். உண்மையைச் சொன்ன பூத்தை அந்த அம்மா நினைவில் வைத்திருப்பார். பூசி மெழுகிய பூத்தைப் பற்றி உறவுக்காரர்களிடம் சொல்வார்.

இந்த இடத்தில் தமிழுக்கும் ஒரு வேலை இருக்கிறது. கூட்டத்தில் பெரும்பாலானோர் ஆங்கிலத்திலோ மாண்டரினிலோ பேசுவார்கள் என்பதால், ஆள் எடுப்பவர்கள் அந்த இரண்டு மொழியோடு நிறுத்திக்கொள்வார்கள். பேரப்பிள்ளையைக் கூட்டி வந்த தாத்தா பாட்டிக்கும், விடுமுறை நாளில் நண்பர்களோடு வரும் தமிழ்நாட்டு ஊழியருக்கும் தமிழில் நாலு வார்த்தை பேச ஒருவர் இருந்தால் கூச்சம் விட்டுப் போகும். நான்கு அதிகாரத்துவ மொழிகள் உள்ள நாட்டில், எட்டுப் பேர் நிற்கும் பூத்தில் ஒருவராவது தமிழோ மலாயோ பேசுபவராக இருக்கட்டும் என்று கேட்பது பெரிய கோரிக்கை இல்லை.

இனி, இந்த வேலைக்கு அழகும் உயரமும் மட்டுமே போதும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1995இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய ஈ3 கண்காட்சி நீண்ட காலம் இந்தத் துறையின் மிகப் பெரிய மேடையாக இருந்தது. வாங்குகிறவர்கள் எல்லாரும் இளம் ஆண்கள்தான் என்று நிறுவனங்கள் கணக்குப் போட்ட காலம் அது. அதனால் குறைந்த உடையில் பெண்களை வாசலில் நிறுத்திக் கூட்டத்தை இழுப்பது வழக்கமானது. விமர்சனம் எழுந்த பிறகு, 2006இல் ஈ3 அமைப்பாளர்கள் உடை விதியை இறுக்கி, மீறினால் 5,000 அமெரிக்க டாலர் அபராதம் என்று அறிவித்தார்கள். 2015இல் ஷாங்காயின் சைனாஜாய் கண்காட்சியும் உடை எவ்வளவு இறங்கலாம் என்று சென்டிமீட்டர் கணக்கில் வரம்பு வைத்து அபராதம் அறிவித்தது. 2018இல் ஃபார்முலா 1 கார் பந்தயமும் கார்கள் வரிசையாக நின்று புறப்படும் இடத்தில் பெண் மாடல்களை நிறுத்தும் வழக்கத்தைக் கைவிட்டது.

இவற்றில் எனக்குச் சரியான திசையாகத் தெரிவது, அமெரிக்காவில் 2004இல் தொடங்கிய பாக்ஸ் கண்காட்சி எடுத்த முடிவு. 2010இல் அவர்கள் ரசிகர்களிடம் கருத்துக் கேட்டுத் தங்கள் விதியை வகுத்தார்கள். கவர்ச்சியை மட்டும் காட்டி ஆள் பிடிக்கக் கூடாது என்பதோடு, பூத்தில் நிற்பவருக்குத் தன் நிறுவனத்தின் தயாரிப்பு பற்றித் தெரிந்திருக்க வேண்டும் என்பதும் அதில் சேர்ந்தது. மற்றவர்கள் துணியை அளந்தார்கள்; இவர்கள் அறிவைக் கேட்டார்கள். துணியை அளக்கும் விதி, உடையைக் கொடுத்த நிறுவனத்தை விட்டுவிட்டு, போட்டுக்கொண்டு நிற்கும் பெண்ணைத்தான் கூட்டத்துக்கு நடுவே சங்கடப்படுத்துகிறது. தயாரிப்பு பற்றித் தெரிந்திருக்க வேண்டும் என்ற விதி, ஆளை எடுத்த நிறுவனத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கிறது: இவருக்கு நீ என்ன சொல்லிக்கொடுத்தாய்?

வியாபாரக் கணக்கிலும் இது நிற்கிறது. 2014இல் ஸ்பென்சர் சென் என்ற மார்க்கெட்டிங் அதிகாரி டெக்க்ரன்ச் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளத்தில் தன் அனுபவத்தை எழுதினார். ஒரே கண்காட்சியில் அவர் நிறுவனத்துக்கு இரண்டு பூத்கள். ஒன்றில் வழக்கமான மாடல்களை நிறுத்தினார். இன்னொன்றில், தோற்றத்தைப் பார்க்காமல், மக்களோடு நன்றாகப் பேசத் தெரிந்தவர்களை நிறுத்தினார். மாடல்கள் நின்ற பூத்துக்கு வந்த கூட்டம் மற்றதில் மூன்றில் ஒரு பங்குதான் என்றும், தொடர்புக்குக் கிடைத்த பெயர்கள் பாதிக்கும் குறைவு என்றும் எழுதினார். ஒரு மனிதர், ஒரு நிகழ்ச்சி, அதுவும் கேம் கண்காட்சி இல்லை. இதை வைத்துக்கொண்டு பெரிய தீர்ப்பு சொல்லக் கூடாது. ஆனால் அவர் சொன்ன காரணம் எந்தக் கண்காட்சித் தளத்துக்கும் பொருந்தும்: அழகிகள் சூழ்ந்த பூத்துக்குள் நுழைய வருபவர்கள் தயங்குகிறார்கள், முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களோ விஷயம் பேச ஆள் இல்லை என்று தாண்டிப்போய்விடுகிறார்கள். அமெரிக்காவில் கேம் விளையாடுபவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் பெண்கள் என்று அந்நாட்டுத் துறைச் சங்கமே ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடுகிறது. வருகிறவர்களில் பாதிப் பேரைக் கணக்கிலேயே எடுக்காமல் பூத்தை அமைப்பது எந்த வகையிலும் புத்திசாலித்தனம் ஆகாது.

மாடல்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் வருத்தப்படுவதே அவர்களுக்காகத்தான். சிறுவயதிலிருந்து கன்ட்ரோலரும் கையுமாக வளர்ந்த பெண்கள் இந்த வேலையில் இருக்கிறார்கள். பூத்தில் நிற்கும்போது, "நீ நிஜமாவே விளையாடுவியா?" என்று கேட்டு, கேமின் மூன்றாம் பாகத்தில் வரும் வில்லன் பெயர் என்ன என்று தேர்வு வைக்கும் ஆண்கள் வருவார்கள். பக்கத்தில் நிற்கும் பையனிடம் அந்தத் தேர்வு நடக்காது. இன்னொரு பக்கம், கேமே விளையாடாத பெண்ணுக்கு உடையை மட்டும் கொடுத்து, கேமின் பெயரைக்கூடக் காலையில்தான் சொல்லி நிறுத்துகிறார்கள். முதல் கேள்வியிலேயே அவர் திணறி நிற்கும்போது, அந்த அவமானம் ஆளை அனுப்பிய நிறுவனத்துக்குப் போவதில்லை. அந்தப் பெண்தான் அதைச் சுமக்கிறார்.

இது ஏன் இப்படி நடக்கிறது என்றால், விவரம் கைமாறிக் கைமாறி வருகிறது. கேம் நிறுவனம் ஒரு நிகழ்ச்சி ஏற்பாட்டு நிறுவனத்திடம் பூத்தை ஒப்படைக்கிறது. அவர்கள் ஆள் அனுப்பும் ஏஜென்சியைக் கூப்பிடுகிறார்கள். ஏஜென்சி டெலிகிராமில் அறிவிப்புப் போடுகிறது. கேம் நிறுவனம் முதலில், "சண்டை விளையாட்டு தெரிந்த நான்கு பேர் வேண்டும், ஒருவர் மாண்டரின் பேச வேண்டும்" என்று சொல்லியிருக்கலாம். மூன்று கை மாறியதும் அது "நான்கு பெண்கள், உயரம் இத்தனை" என்று சுருங்கிவிடுகிறது. ஏஜென்சி தன் கோப்பில் வைத்திருப்பது உயரமும் படமும்தான், அதனால் அதை வைத்துத்தான் அவர்களால் தேட முடியும். ஆகவே கேட்கிறவர் தன் தேவையை எழுத்தில், எல்லாக் கையையும் தாண்டிப் போகும்படி கொடுக்க வேண்டும். கடைசியில் வரும் ஆட்களோடு, வீடியோ அழைப்பில் பத்து நிமிடமாவது கேம் நிறுவனத்தைச் சேர்ந்தவரே பேச வேண்டும்.

அந்தப் பத்து நிமிடத்தில் என்ன கேட்கலாம்? பொது அறிவுப் போட்டி நடத்த வேண்டாம். "இப்போ என்ன விளையாடிட்டு இருக்கீங்க? விளையாடவே தெரியாத உங்க சித்திக்கு அதை எப்படிச் சொல்லிக்கொடுப்பீங்க?" என்று கேட்டால் போதும். நன்றாக விளையாடுபவர் எல்லாருமே நன்றாகச் சொல்லிக்கொடுப்பவர் ஆகிவிட மாட்டார். தரவரிசையில் உச்சத்தில் இருக்கும் சிலருக்குப் புதியவரைப் பார்த்தாலே பொறுமை போய்விடும். சொல்லிக்கொடுக்கும் பொறுமை இருக்கிறவரை முதலில் எடுக்க வேண்டும். கேமைக் கற்றுக்கொடுத்துவிடலாம்.

கற்றுக்கொடுப்பதற்கு ஒரு முழு நாள் வேண்டும், அந்த நாளுக்குச் சம்பளமும் வேண்டும். இந்த இடத்தில்தான் பெரும்பாலான நிறுவனங்கள் கையைச் சுருக்குகின்றன. நிகழ்ச்சியன்று காலையில் அரை மணிநேரம் விளக்கம் கொடுத்துவிட்டு, நேற்றிரவு மின்னஞ்சலில் அனுப்பிய கோப்பைப் படித்தீர்களா என்று கேட்பார்கள். படிப்பதற்குச் சம்பளம் கிடையாது. பயிற்சி நாளில் அவர்கள் டெமோவைக் குறைந்தது மூன்று நான்கு முறை ஆடி முடிக்க வேண்டும். எந்த இடத்தில் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள், எங்கே கேம் உறைந்துபோகிறது, உறைந்தால் எப்படித் திரும்பத் தொடங்குவது என்று அவர்கள் கைக்கே தெரிந்துவிடும். இன்னும் தயாரிப்பில் இருக்கும் கேம் நடுவில் நின்றுபோவது சகஜம். பதறாமல், "இது இன்னும் தயாராகிட்டு இருக்கிற பதிப்புங்க, ஒரு நிமிஷம்" என்று சொல்லிக்கொண்டே மறுபடி ஓடவைப்பவர் அந்த பூத்தின் மரியாதையைக் காப்பாற்றுகிறார்.

எதைச் சொல்லக் கூடாது என்பதும் அதே நாளில் தெரிய வேண்டும். அறிவிக்காத வெளியீட்டுத் தேதி, உறுதியாகாத கன்சோல் பதிப்பு, விலை. ரசிகர் ஆசையாகக் கேட்கும்போது, "அடுத்த வருஷம் வந்துடும்னு நினைக்கிறேன்" என்று வாய் தவறிச் சொன்னது அன்றிரவே சமூக ஊடகத்தில் செய்தியாகிவிடும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் தைரியத்தை நிறுவனம்தான் அவருக்குக் கொடுக்க வேண்டும். "அது எனக்குத் தெரியல, தெரிஞ்சவர் அதோ நிற்கிறார், வாங்க" என்று சொல்வதும் விவரம் தெரிந்தவரின் வேலைதான்.

வணிகர்களுக்கென்று ஒதுக்கிய நாள் இருந்தால் அது இன்னும் முக்கியம். பதிப்பாளர், முதலீட்டாளர், பத்திரிகையாளர், பிற நாட்டு விநியோகஸ்தர் எல்லாரும் கழுத்தில் அட்டையோடு வருவார்கள். யார் எதற்காக வந்திருக்கிறார் என்று இரண்டு கேள்வியில் பிடித்து, சரியான ஆளிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பூனை நாயகனை வைத்து கேட் குவெஸ்ட் தொடரை உருவாக்கிய ஜென்டில்ப்ரோஸ் போன்ற சிங்கப்பூர்க் குழுக்கள் சிறிய அளவில் தொடங்கியவைதான். இரண்டு மூன்று பேர் மட்டும் உள்ள குழுவுக்கு, அவர்கள் இன்னொரு சந்திப்பில் இருக்கும்போது பூத்தைப் பார்த்துக்கொள்ளும் அந்த ஒருவரே முழு நிறுவனம். அவர் ஒரு பதிப்பாளரைச் சாதாரண ரசிகர் என்று நினைத்து ஒட்டுப்படம் கொடுத்து அனுப்பிவிட்டால், ஒரு வருட உழைப்புக்குக் கிடைக்க வேண்டிய சந்திப்பு கைநழுவிப் போகும்.

ஆட்களை எங்கே தேடுவது என்றால், இந்தச் சிறிய ஊரில் கஷ்டமே இல்லை. டிஜிபென் சிங்கப்பூரிலும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் கேம் உருவாக்கம் படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். பல்கலைக்கழகங்களில் மின்விளையாட்டுக் குழுக்கள் இருக்கின்றன. கதாபாத்திரத்தின் உடையை மாதக்கணக்கில் உட்கார்ந்து கையால் தைக்கும் காஸ்ப்ளே கலைஞர்களும் இருக்கிறார்கள். தான் வேடம் போடும் கதாபாத்திரத்தின் கதை முழுவதும் அவர்களுக்கு மனப்பாடம். ஆனால் அவர்களை எடுக்கும்போது உடை மாற்ற அறையும், கனமான கவசத்தோடு உட்கார்ந்து ஓய்வெடுக்க நேரமும், கூட்டத்தை ஒதுக்கிவிட ஒரு உதவியாளரும் கொடுக்க வேண்டும். கேட்காமல் தோளில் கை போட்டுப் படம் எடுப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. வேடம் போட்டிருப்பது சம்மதம் ஆகாது என்று 2014இல் நியூயார்க் காமிக் கான் பெரிய பலகைகளே வைத்தது. இங்கே 2014இல் வந்த துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டமும் இருக்கிறது. பலகை வைப்பதற்கும், "தொடாமல் நில்லுங்கள்" என்று பூத் பொறுப்பாளர் முன்னால் வந்து சொல்வதற்கும் பெரிய செலவு ஆகாது.

மாணவர் அட்டையில் இருக்கும் வெளிநாட்டுப் பிள்ளைகளை எடுக்க நினைத்தால் கவனம் வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட கல்வி நிலையங்களின் முழுநேர மாணவர்கள் மட்டுமே, பாடத் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 16 மணிநேரம் வரை வேலை செய்யலாம் என்பது மனிதவள அமைச்சின் விதி. நாளைக்குப் பத்து மணிநேரம் என்று மூன்று நாள் நிறுத்தினால் முப்பது மணிநேரம் ஆகிவிடும். பெரிய கேம் நிகழ்ச்சிகள் அக்டோபரில் வந்தால் பல்கலைக்கழகங்களில் தவணை நடந்துகொண்டிருக்கும்.

சம்பள விஷயம் இதைவிடச் சிக்கல். 14 நாளோ அதற்கு மேலோ வேலையில் இருக்கும் ஊழியருக்குத்தான் முக்கிய வேலை நிபந்தனைகளை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மூன்று நாள் வேலை அதற்குள் வருவதில்லை. அதனால் வாட்ஸ்அப் செய்தி ஒன்றுதான் பலருக்கு ஒப்பந்தமே. குடிமக்களையோ நிரந்தரவாசிகளையோ ஊழியராக எடுத்து, மாதச் சம்பளம் 50 வெள்ளியைத் தாண்டினால், சில விதிவிலக்குகள் தவிர, மத்திய சேமநிதிக்கு முதலாளி பணம் கட்ட வேண்டும். பல இடங்களில் சுயதொழில் செய்பவர் என்ற கணக்கில் எடுப்பதால் அதுவும் இல்லை. நிகழ்ச்சி முடிந்து ஒரு மாதம், இரண்டு மாதம் கழித்துத்தான் பணம் வரும் என்று சொல்லும் ஏஜென்சிகளும் உண்டு. இப்படி நடத்தினால், விவரம் தெரிந்தவர் அடுத்த முறை வர மாட்டார். அவருக்கு வேறு வேலை கிடைத்துவிடும். சுயதொழில் கணக்கில் வேலை செய்தவர், வராத பணத்துக்காகச் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. எத்தனை மணிநேரம், எவ்வளவு ஓய்வு, எந்த உடை, எந்தத் தேதியில் பணம் என்று ஒரே ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

சட்டம் என்று வந்ததால் இரண்டு விஷயத்தைச் சேர்த்துக்கொள்கிறேன். பூத்தில் நிற்பவருக்கு இவை தெரியாமல் இருக்கக் கூடாது. அதிர்ஷ்டக் குலுக்கலுக்குப் பெயர் வாங்கும்போது அடையாள அட்டை எண்ணைக் கேட்கக் கூடாது. 2019 செப்டம்பர் முதல், சட்டம் கோராத இடங்களில், சில விதிவிலக்குகள் தவிர, நிறுவனங்கள் அதைச் சேகரிப்பதற்கு அனுமதி இல்லை. பெயரும் மின்னஞ்சலும் எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லிச் சம்மதம் பெற வேண்டும். அப்புறம் வயது. இங்கே கேம்களுக்கு ஏடிவி16, எம்18 என்ற வகைப்பாடுகள் உண்டு. முதலாவது 16 வயதுக்குக் கீழ் உகந்ததல்ல என்ற அறிவுரை. இரண்டாவது 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இல்லை. எம்18 கேமை ஆட வரிசையில் நிற்கும் பன்னிரண்டு வயதுப் பையனிடம் முகம் சுளிக்காமல், "தம்பி, இது பெரியவங்களுக்கு. அந்தப் பக்கம் உனக்கு ஏத்தது ஒண்ணு இருக்கு, வா காட்டுறேன்" என்று சொல்லி வேறு மேசைக்குக் கூட்டிப்போக அங்கே ஒருவர் வேண்டும். பக்கத்து மேசையில் என்ன ஓடுகிறது என்று தெரிந்தவரால்தான் அதைச் செய்ய முடியும்.

கடைசியாக ஒன்று. பெரும்பாலான நிறுவனங்கள் இதை வீணாக்குகின்றன. நாள் முழுக்க ஆயிரக்கணக்கானோர் தங்கள் கேமை ஆடுவதைக் கிட்டே நின்று பார்த்தவர் ப்ரோமோட்டர். முதல் பாலத்தில் எல்லாரும் விழுகிறார்கள், எழுத்து சின்னதாக இருக்கிறது என்று வயதானவர்கள் சொல்கிறார்கள், இரண்டு பேர் சேர்ந்து ஆட முடியுமா என்று தம்பதிகள் கேட்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இரவு பூத்தை மூடியதும் பத்து நிமிடம், சம்பள நேரத்துக்குள்ளேயே, எல்லாரையும் உட்காரவைத்துக் கேட்டு எழுதிக்கொண்டால், மறுநாள் காலை டெமோ மேசையில் ஒரு குறிப்பு அட்டை ஒட்டிப் பாதிச் சிக்கலைத் தீர்க்கலாம். மீதியை ஊருக்குப் போய் கேமிலேயே திருத்தலாம். அடுத்த கண்காட்சிக்கு ஆள் எடுக்கும்போது ஏஜென்சிக்குப் புதிதாக உயரம் சொல்ல வேண்டியதும் இல்லை. நன்றாகச் செய்தவர்களின் பெயர்களை எழுதி, இவர்களையே அனுப்புங்கள், மணிக்கு இரண்டு வெள்ளி கூடுதலாகக் கொடுக்கிறோம் என்று கேட்டுவிடலாம்.